பன்னிரண்டுக்கு எட்டு

சிகாமணி தன் மனைவி பாக்கியசீலியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் வாசல் கேட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறுகையில் புதிதாக வாங்கிய கைப்பேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து, "இந்தா பாருங்க, ஒரே ஒரு படம், நீங்களும் நானும், ஒரு நிமிசம்கூட ஆவாது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்; அவரோ இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் கையிலிருந்த மூன்றடுக்குச் சோற்று வாளியை உயர்த்தி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். படம் விழுந்த சத்தம் கேட்டது. "வாளி நல்லா விழுந்திருக்கு" என்று அவள் சிரித்தாள். "சாயங்காலம் எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். பதினொரு மணிக்கு, சாளை மீன் அரிந்துகொண்டிருந்தவள் அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

சேந்தன்விளையில் சிகாமணியின் முகத்தை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. இருபத்துநாலாம் வயதில் இடது கடைவாயில் ஓர் உளுந்தம்பருப்பு அளவுக்கு வெளுக்கத் தொடங்கிய தோல், அடுத்த சில வருடங்களில் கன்னம் ஏறி, காதைத் தொட்டு, கண்ணைச் சுற்றிக்கொண்டு நெற்றியில் போய் நின்றது. இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதை ஊர் நம்பியது. நம்பிவிட்டு, அவர் காப்பி குடித்த டம்ளரை இரண்டு முறை கழுவியது. கல்யாண ஆல்பத்தில் முப்பத்தாறு படங்கள் இருந்தன. ஒன்றில் அவர் முகத்தைப் பூச்செண்டு மறைத்தது, ஒன்றில் போதகரின் அங்கிக் கை மறைத்தது, ஒன்றில் எல்லோரும் நேராக நிற்க மாப்பிள்ளை மட்டும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சீலி அந்த ஆல்பத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "இது எங்க வீட்டுக்காரரோட முதுகு, இது அவரு கை" என்று அறிமுகம் செய்துவைப்பாள். தெருவில் நடந்தாலும், கோயில் பெஞ்சில் உட்கார்ந்தாலும், படுத்தாலும் அவர் அவளை வலப்பக்கமே வைத்துக்கொண்டார். இடப்பக்கத்துக்குச் சுவரோ சன்னலோ போதுமானதாக இருந்தது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, ஊர் முகங்களையெல்லாம் திருத்துகிற வேலை. கில்பர்ட் என்பவனின் ஸ்டூடியோப் பின்னறையில், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஃப்ளெக்ஸ் பேனர் தயாரிப்பார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், தேர்தல், கண்ணீர் அஞ்சலி என்று எதற்கு வந்தாலும், வந்தவர்கள் கடைசியாகச் சன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: "அண்ணாச்சி, மூஞ்சியக் கொஞ்சம் வெளுத்து விடுங்க." மணமகளை வெளுப்பார், கவுன்சிலரை வெளுப்பார், செத்துப்போன மீன் வியாபாரியை அவர் உயிரோடு இருந்தபோது கண்டே இராத வெளுப்புக்கு வெளுப்பார். காசில்லாமல், கேட்காமல், தானாகவே வெளுத்த ஒரே ஆள் ஊரில் அவர்தான் என்பதும், அவரைப் பார்த்துத்தான் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள் என்பதும் யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

அந்த வட்டாரத்துச் சபைகளில் அடக்கத்துக்கு முன் ஒரு குரூப் படம் எடுப்பது வழக்கம். பெட்டியை முற்றத்தில் வைத்து, தலைமாட்டில் இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தி, இறந்தவர் முகம் தெரியும்படி செய்து, சொந்தபந்தமெல்லாம் உறவுமுறைப்படி இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, புகைப்படக்காரர் முக்காலி மேல் ஏறி "எல்லாரும் இங்க பாருங்க" என்பார். சிரிக்கச் சொல்லமாட்டார்; கல்யாணத்துக்கும் இதற்கும் அவ்வளவுதான் வித்தியாசம். புருஷன் தலைமாட்டில் நிற்க வேண்டும். சிகாமணி கைக்குட்டையை எடுத்து இடது கன்னத்தில் வைக்கப்போனார். சீலியின் தங்கை ரூபவதி, அழுத கண்ணோடு, அதை வெடுக்கென்று பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னைக்காவது அவ கேட்டதக் குடுங்க அத்தான்" என்றாள்.

அவர் நிமிர்ந்து, முழு முகத்தோடு, கேமராவைப் பார்த்தார். கில்பர்ட் அமுக்கினான்.

மூன்றாம் நாள் படம் வந்தது. படத்தில் பெட்டி காலியாக இருந்தது. சீலி, அடக்கத்துக்குக் கட்டிய அதே வெள்ளைச் சேலையில், சிகாமணியின் இடப்பக்கத்தில் நின்று, தலையைச் சற்றுச் சாய்த்து, எப்போதும் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் அவர் சட்டைக் காலரை இரண்டு விரலால் மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

ரூபவதி படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "சேலை மடிப்பு சரியில்லன்னு அப்பவே சொன்னேன், எவ கேட்டா?" என்றாள். போதகருக்கு உதவியாக இருந்த சபை உபதேசியாருக்கு வேறு கவலை. படத்தில் பெட்டி காலி என்றால் அடக்கப் பதிவேட்டில் எழுதியது என்ன ஆகும் என்று போதகரிடம் போய்க் கேட்டார். போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நாம அடக்கம் பண்ணுனது பெட்டிய, படத்த இல்ல, பதிவேடு அப்படியே இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கத்தில், செயலாளராக இருந்த சீலியின் இடத்துக்கு ஆள் போடலாமா, இல்லை அவளே தொடர்வதாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு மணி நேரம் பேசி, வாக்கெடுப்பில் தொடர்வதாக முடிவானது.

ரேஷன் கார்டில் அவள் பெயரை நீக்கப் புதுப் படம் கேட்டார்கள். கில்பர்ட் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தில், அவ்வளவு குறுகலான இடத்திலும், சீலி தோளை ஒடுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்தாள். அலுவலர் படத்தைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"இறந்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துட்டு, அவங்களையே கூட்டிட்டுப்போய் படம் எடுத்தா எப்படி சார்?"

"நான் கூட்டிட்டுப் போவல. அவளா வந்தா."

"அப்ப இறப்புச் சான்றிதழ்?"

"அதுவும் இருக்கு" என்று சிகாமணி எடுத்துக் கொடுத்தார். அலுவலர் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து, பரிசீலனையில் உள்ளது என்று எழுதினார்.

எப்போது வருவாள், எப்போது வரமாட்டாள் என்பதைக் கில்பர்ட்தான் கண்டுபிடித்தான். சிகாமணி முகத்தைத் திருப்பினால் வரமாட்டாள். கையால் மறைத்தால் வரமாட்டாள். நிழலில் ஒதுங்கினாலும் வரமாட்டாள். வெயில் நேராக இடது கன்னத்தில் விழ, ஒளிக்காமல் நின்றால் வந்துவிடுவாள். மனைவியைப் பார்க்க வேண்டுமானால் சிகாமணி தன்னைக் காட்ட வேண்டும்; இதற்கு வேறு குறுக்குவழி இருக்கிறதா என்று அவர் இருபது நாள் தேடிப் பார்த்தார், இல்லை.

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் சிகாமணிக்கு அழைப்புகள் குவிந்தன. உயிரோடு இருந்தவரை சேந்தன்விளையில் சீலி போகாத கல்யாணம் கிடையாது, இறந்த காரணத்தைச் சொல்லி அவளை விட்டுவிடுவது மரியாதையாக இருக்காது என்று ஊர் நினைத்தது. பந்தல் காலுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டுவிட்டு நழுவிப் பழகிய மனுஷனை, இரண்டு பேர் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றி, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். "அண்ணாச்சி, மூஞ்சிய நேரா வையுங்க, அக்கா வரணும்லா" என்று கூட்டம் கத்தியது. டம்ளரை இரண்டு முறை கழுவிய அதே கைகள் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பின.

வந்த படங்களில் சீலியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதும் ஒரு வழக்கமாயிற்று. கவுன்சிலர் சுயம்புலிங்கம் மகள் கல்யாணத்தில், முகூர்த்தம் முடிந்து எடுத்த படத்தை அப்போதே கேமராவில் போட்டுப் பார்த்தபோது, அவள் மணமக்களைப் பார்க்காமல் மூக்கைச் சுளித்துக்கொண்டு சமையல் பந்தல் பக்கம் பார்த்திருந்தாள். ஓடிப்போய் மூடியைத் திறந்தால் இரண்டாவது அண்டாக் கறி கெட்டிருந்தது. நானூறு வயிறு தப்பியது. "செத்தும் ஊரக் காப்பாத்துறா" என்றார்கள். கறி வாங்கியவர் மட்டும், செத்த பிறகும் சும்மா இருக்கமாட்டேங்கிறாள் என்றார்.

சிகாமணிக்கு இந்தப் பெருமையெல்லாம் காதில் ஏறவில்லை. அவருக்கு வேண்டியது சாயங்காலம் ஐந்து மணி. கடையில் கூட்டம் குறைந்ததும், அன்றைய படத்தைத் திரையில் போட்டு, பெரிதாக்கி, சீலியைப் பார்ப்பார். அவளைப் பெரிதாக்கினால் பக்கத்தில் இருப்பவரும் பெரிதாவார். முதல் மாதம் திரையின் ஒரு பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டாம் மாதம் கை வலித்தது. மூன்றாம் மாதம், காரியமாகத்தான், கையைக் கொஞ்சம் எடுத்தார்; அவள் எங்கே பார்க்கிறாள் என்று தெரிய வேண்டியிருந்தது. கறி அண்டாவைப் பார்த்த அந்த ஒரு நாளைத் தவிர, எல்லாப் படத்திலும் அவள் பார்த்தது அவருடைய இடது கன்னத்தைத்தான். அதில் பரிதாபம் இல்லை. அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று பக்கத்தில் நின்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. இருபத்தெட்டு வருடமும் அவள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்று கட்டிலைச் சுவரோரம் மாற்றி, பெஞ்சில் இடம் மாறி, தெருவில் பக்கம் மாறி அவர் பட்ட பாடு அவருக்கு ஞாபகம் வந்தது. பார்க்க விட்டிருந்தால் பார்த்திருப்பாள் போல, அவ்வளவுதான், என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தார். அடுத்த நாளிலிருந்து மூடிப் பார்க்கவில்லை. வெள்ளையின் ஓரம் எங்கே நெளிகிறது, மீசைக்குள் எவ்வளவு போயிருக்கிறது, புருவத்தில் எத்தனை முடி நரைத்த மாதிரி நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஊர்த் தெருக்களைப் போல மனப்பாடமாயிற்று.

முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கியது. கவுன்சிலர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: பஸ் ஸ்டாண்டில், பன்னிரண்டுக்கு எட்டு அடி அளவில், இருவரும் சேர்ந்து நிற்கும் பேனர் வைத்தே ஆக வேண்டும். அறுப்பின் பண்டிகையன்று கோயில் மதிலோரம் எடுத்த படத்தை எல்லோரும் தேர்ந்தெடுத்தார்கள். சிகாமணி அதைத் திரையில் திறந்தார். வெளியே ஒரு சடங்கு வீட்டுக்காரர் வந்து நின்று, "அண்ணாச்சி, பிள்ளைய நல்லா வெளுத்து விடுங்க, முறைமாமன் பாக்கணும்" என்று பேசிக்கொண்டே இருந்தார். சிகாமணி அவருக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து வருடமாக முகம் திருத்திய கை அது. முகம் ஒன்று எதிரே இருந்தால் திருத்தும். வலது கன்னத்து மாநிறத்தை எடுத்து இடது கன்னத்தில் தடவி, ஓரங்களை இழைத்து, நெற்றியைச் சமப்படுத்தி, ஐந்தே நிமிடத்தில் அழகாக முடித்துவிட்டது. சடங்கு வீட்டுக்காரர் போனார். சிகாமணி திரையைப் பார்த்தார். ஒரே நிறமான, யாரென்று தெரியாத ஒரு மனிதர் மதிலோரம் தனியாக நின்றார். பக்கத்தில் மதில் மட்டும் இருந்தது.

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். வெள்ளை மறுபடியும் வந்தது. சீலி வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரே ஆல்பமும் கையுமாக வந்துவிட்டது. இந்த ஒரு வருடத்தில் வந்து நின்ற எல்லாப் படங்களிலிருந்தும் அவள் போயிருந்தாள். அடக்கத்தன்று எடுத்த படத்தில் பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்தாள்.

"எங்க ஆல்பத்துல ஒரு ஆளு குறையுது" என்றாள் ஒரு புதுப்பெண்.

"என்ன வே இது, உள்ளதா? சொந்தப் பொண்டாட்டிய அழிச்சிட்டீராமே?" என்றார் கவுன்சிலர்.

"அவள நான் தொடவே இல்ல" என்றார் சிகாமணி. "என்னத்தான் அழிச்சேன்."

மறுநாள் கில்பர்ட் வெயிலில் நிறுத்தி நாற்பது படம் எடுத்தான். முழு முகம், நேர் வெளிச்சம், ஒளிவு மறைவு இல்லை. நாற்பதிலும் அவர் மட்டும். ரூபவதி ஆறுதல் சொன்னாள்: "அக்கா கோவிச்சா மூணு நாளு பேசமாட்டா அத்தான். நாலாம் நாளு தானா கொழம்பு வச்சிருவா. பொறுங்க." நாலாம் நாளும் போயிற்று. நினைவு நாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"பழைய மாதர் சங்கப் படத்துலருந்து அக்காவ வெட்டி இதுல ஒட்டிருங்க. உங்களுக்கு ரெண்டு நிமிச வேல" என்றாள் ரூபவதி.

"ஒட்டலாம்."

"பொறவு?"

"ஒட்டுனா அது ஒட்டுன படம். அவ இடம் அப்படியே இருக்கட்டும். வந்தா நிக்கட்டும்."

மேலே 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி', கீழே 'பாக்கியசீலி சிகாமணி' என்று எழுதி, அறுப்பின் பண்டிகைப் படத்தை ஒரு புள்ளிகூடத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பினார். ஃப்ளெக்ஸ் இயந்திரம் விரல் விரலாகத்தான் வெளியே தள்ளும். வழக்கமாக அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர், அன்று பக்கத்திலேயே நின்றார். நெற்றி வந்தது. வெள்ளை சூழ்ந்த கண் வந்தது, ஒரு தேங்காய் அளவுக்கு. கன்னம், மீசை, கடைவாய், தூக்கிக்கொண்டு நின்ற காலர். அதோடு கூடவே, அவருடைய இடப்பக்கத்தில், மதில் வந்தது, மதில் வந்தது, கடைசிவரை மதிலே வந்தது. இயந்திரம் நின்றதும் கில்பர்ட், "அண்ணாச்சி, கிழிச்சிருவமா?" என்று மெதுவாகக் கேட்டான். சிகாமணி மை காய்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். தொட்டது கன்னத்தை. "கட்டு" என்றார்.

இப்படியாக, நினைவு நாளன்று காலையில், சேந்தன்விளை பஸ் ஸ்டாண்டில், நினைவஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே, பன்னிரண்டுக்கு எட்டு அளவில், உயிரோடிருக்கும் சிகாமணி தனியாக நின்றார். பஸ்ஸில் போகிறவர்கள் சின்ன எழுத்தையா படிப்பார்கள்? சிகாமணி இறந்துவிட்டார் என்ற செய்தி எட்டு மணிக்குள் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்விட்டது. ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டர் கீழப்புதூரிலிருந்து ரோஜா மாலையோடு வந்து இறங்கி, பேனரடியில் நின்றிருந்த ஆளிடம் விசாரித்தார்.

"நல்ல மனுசன். பத்து வருசம் என் பஸ்ஸுலதான் வந்தாரு. என்ன ஒண்ணு, சன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருப்பாரு, மூஞ்சிய முழுசாப் பாத்ததே இல்ல. இன்னைக்குத்தான் பாக்கேன்." பேனரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "நீங்க அவருக்குத் தம்பியா?"

"இல்ல" என்றார் சிகாமணி. "நான்தான் அது."

கண்டக்டர் இன்னொரு முறை மேலே பார்த்தார். கன்னத்தில் வெள்ளை எங்கெங்கே வளைந்ததோ அதே வளைவுகள் கீழேயும் இருந்தன. வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

"அப்ப இந்த மாலைய என்ன செய்ய? வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவக் கூடாதே."

"போடுங்க" என்று சிகாமணி கழுத்தை நீட்டினார்.

மதியத்துக்குள் பதினொரு மாலை சேர்ந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அவர், "போனது என் வீட்டுக்காரி, போன வருசம். இது நான்" என்று விரலால் பேனரையும் தன்னையும் காட்டிச் சொன்னார், பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். சிலர் அவர் சொல்லித்தான் சீலிக்கு ஒரு வருடம் ஆகிவிட்டதை நினைத்துப் பார்த்து அழுதார்கள். அந்த வரிசையில்தான் கில்பர்ட் ஒரு படம் எடுத்தான். மாலைகளோடு, உச்சி வெயிலில், சிரித்துக்கொண்டு, அவர் கேமராவைப் பார்த்தார். மறைக்க வேண்டும், காட்ட வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் அவர் எடுத்துக்கொண்ட முதல் படமும் அதுதான்.

அதில் சீலி இல்லை. ரூபவதி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அத்தான், காலரப் பாருங்க" என்றாள். பேனரில் தூக்கிக்கொண்டு நின்ற காலர், படத்தில் இரண்டு பக்கமும் ஒழுங்காக மடிந்து படிந்திருந்தது.

"மாலை போட்டதுல அமுங்கிருக்கும்" என்றான் கில்பர்ட்.

"இருக்கும்" என்றார் சிகாமணி. அந்தப் படத்தைத்தான் ரேஷன் கார்டுக்குக் கொடுத்தார். அலுவலர் ஓர் ஆள்தான் இருக்கிறார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பெயரை நீக்கினார். கல்யாண வீடுகளில் இப்போது அவரை மேடைக்கு இழுப்பதில்லை. அவரே ஏறி, மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு நின்றுவிடுகிறார். எதற்கு இடம் என்று யாரும் கேட்பதில்லை.

பஸ் ஸ்டாண்டில் பேனர் வைக்க ஆறு நாள்தான் அனுமதி. ஏழாம் நாள் கழற்றியதை, நல்ல கனமான ஃப்ளெக்ஸ், வீணாகப் போக வேண்டாம் என்று ரூபவதி சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டு ஆட்டுக் கொட்டிலுக்கு அதுதான் கூரை, முகம் வானத்தைப் பார்க்க. மதில் மட்டும் இருக்கிற பகுதிக்குக் கீழே குட்டிகள் படுக்கின்றன. இரண்டு மழைக்காலம் ஆயிற்று, இன்னும் ஒழுகவில்லை.